அளக்காமப் பேசக்கூடாது

தம்பி, அந்த மஞ்சப் பைய மிதிச்சிராதீங்க. இருங்க, நானே மடியில வச்சுக்கிறேன். உள்ள கயிறு இருக்கு. வெறும் கயிறு இல்ல, என் ரெண்டு வருச உழைப்பு. மதுரைக்குத்தானே போறீங்க? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணை ஆச்சு. மணி என்ன ஆகுது? டிரைவர் இன்னும் டீக்கடையிலதான் நிக்கிறாரு பாருங்க. எனக்கு ஒரு எடத்துல சும்மா உட்கார வராது. முன்னாடியெல்லாம் இப்படி இல்ல, இந்த ஆறேழு மாசமாத்தான்.

நான் கணக்கு வாத்தியார். எட்டாங்கிளாஸ். ஊர் பேர் வேணாம், பள்ளிக்கூடத்துப் பேரும் வேணாம், நீங்க பாட்டுக்கு யார்கிட்டயாவது சொல்லிருவீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், எங்க வட்டாரத்துல கணக்குன்னா என் பேரத்தான் சொல்லுவாங்க. அது நான் சொல்றது இல்ல, மத்தவங்க சொல்றது.

பிள்ளைகளுக்கு வாழ்க்கைக் கணக்குன்னா ஆகவே ஆகாது, தெரியுமா உங்களுக்கு? ‘நீளம் நாற்பது, அகலம் முப்பது, பரப்பளவு காண்க’ன்னா கண்ண மூடிக்கிட்டுப் பெருக்கிரும். அதையே, ‘ஒருவர் தன் தோட்டத்தைச் சுற்றி வேலி போட விரும்புகிறார்’னு ஆரம்பிங்க, மூஞ்சி செத்துப்போயிரும். சுற்றளவா பரப்பளவான்னு தெரியாது, ரெண்டையும் போட்டு வைக்கும், எதுக்காவது மார்க்கு விழுமில்லன்னு. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அப்புறம்தான் இந்தக் கயிறு.

இந்தாங்க, இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க. பயப்படாதீங்க, சும்மா காட்டுறதுக்குத்தான். அடிக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு சிவப்புத்துணி. கிளாஸ ரெண்டு அணியாப் பிரிச்சிருவேன். ஒரு அணி கணக்க வாசிக்கணும். இன்னொரு அணி கிரவுண்டுல கயிற வச்சு அந்த வடிவத்தக் கட்டிக் காட்டணும். மூலைக்கு ஒரு பிள்ளை நிக்கும். செவ்வகம்னா நாலு பேரு, முக்கோணம்னா மூணு பேரு. சரிவகத்துக்கு நிக்கத் தெரியாம ஒருத்தர் மேல ஒருத்தர் விழும், சிரிப்பா இருக்கும். வடிவம் தப்புன்னா தப்பா நின்னது கயிற விட்டுட்டு வெளிய போயிரணும். கடைசி வரைக்கும் யார் கையில கயிறு இருக்கோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான் விளையாட்டு.

விதி ஒண்ணே ஒண்ணு. சுவத்துல சிவப்பு எழுத்துல எழுதியே போட்டேன். அளக்காமப் பேசக்கூடாது. கணக்கப் புத்தகத்துல இருந்து எடுக்கக் கூடாது, அவங்கவங்க வீட்டுல, தெருவுல, கையால அளந்து கொண்டாரணும். விடைய யாராவது தப்புன்னு சொன்னா, திரும்ப அளந்து காட்டிட்டுத்தான் பேசணும். வாத்தியாரா இருந்தாலும் அதேதான்னு நான்தான் சொன்னேன். அப்படிச் சொன்னாத்தானே பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் வரும்?

விட்றாதீங்க தம்பி, பிடிச்சுக்கிட்டே இருங்க.

அப்புறம் பார்க்கணுமே நீங்க. ஊரையே அளந்துட்டுதுக. சலூன்காரர் கண்ணாடிய அளந்தாச்சு. தெப்பக்குளத்துப் படிய அளந்தாச்சு. கோயில் வாசல்ல பூக்காரம்மா கைமுழத்த அளந்துட்டு, ‘அக்கா, உங்க முழம் ஒண்ணரை அடி வரல, எங்க அம்மாவுக்கு இன்னும் நாலு விரக்கடை குடுங்க’ன்னு ஒரு பையன் சண்டைக்கு நின்னுட்டான். அந்தம்மா நேரா பள்ளிக்கூடத்துக்கே வந்துருச்சு. நான்தான் சமாதானம் பண்ணேன். உண்மை கசக்கத்தான் செய்யும், பொறுத்துக்கங்கம்மான்னு சொல்லி அனுப்பிச்சேன். எச்.எம். டீச்சர் சிரிச்சுக்கிட்டே, சார் நீங்க விருதுக்கு எழுதிப் போடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்னாங்க. நான் கேக்கல, அவங்களாச் சொன்னது. பி.இ.ஓ. மேடம், அதான் வட்டாரக் கல்வி அதிகாரி, ஒரு நாள் நேர்ல வந்து பார்க்கிறதாப் பேச்சு. அவங்க பார்த்து மேல சொன்னாத்தான் விருது.

இதுக்கு நடுவுல நான் வீடு கட்டி முடிச்சேன். தை மாசம் பால் காய்ச்சுனோம். முக்கு மனை. வடக்கயும் சந்து, கிழக்கயும் சந்து, அஞ்சடிச் சந்து, அது எங்க வீட்டச் சுத்தித் திரும்பி உள்ள போகும். உள்ள ஒரு பத்துப் பதினஞ்சு வீடு. எனக்கு வித்தவரு காலத்துலயே அந்த மூலைய வெட்டி விட்டிருந்தாங்க. வண்டி கிண்டி திரும்பறதுக்காம். அந்தக் காலத்துல மாட்டுவண்டி இருந்துச்சு, விட்டாங்க. இப்ப எவன் மாட்டுவண்டி வச்சிருக்கான்?

வாஸ்து பார்க்கிறவரு வந்து நின்ன எடத்துலயே தலைய ஆட்டிட்டாரு. ‘ஈசான மூலை சார். இது வெட்டுப்பட்டா வீட்டுல நிம்மதியே இருக்காது’ன்னாரு. வடகிழக்கு மூலை தம்பி, சாதாரண மூலையா? நான் வாஸ்து கீஸ்துல்லாம் நம்புற ஆள் இல்ல, ஆனா கட்டுறது ஒரு தடவைதானே கட்டுறோம். சுவத்தக் கொஞ்சம் நீட்டி மூலைய மட்டமாக்கிட்டேன். எவ்வளவுங்கிறீங்க, ஆறடிக்கு எட்டடி ஒரு செங்கோண முக்கோணம். ஒரு கட்டில் போடுற எடம். அதுக்குப் போய் இவ்வளவு.

மணி என்ன தம்பி? ஆங், வண்டி எடுத்துட்டான். அப்பாடா.

நாகஜோதின்னு ஒரு பிள்ளை. சந்துக்குள்ள கடைசி வீடு. அப்பா இல்ல. அம்மா தள்ளுவண்டியில பருத்திப்பால் விக்கிது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. அந்தப் பிள்ளைதான் ஒரு அணிக்குத் தலைவி. சும்மா சொல்லக்கூடாது, மூளைன்னா மூளை. கர்ணம் கண்டுபிடிக்கச் சொன்னா மனசுலயே வர்க்கம் போட்டுட்டு வானத்தப் பார்த்துக்கிட்டு நிக்கும். நான் அதுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன் தெரியுமா? வெள்ளிக்கிழமையானா கயிற என் வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சிரும்மான்னு அது கையிலதான் குடுத்து அனுப்புவேன். வேற யார் கையிலயும் குடுத்தது இல்ல.

சுவர் கட்டுன மறுவாரம் அவங்க அம்மா என் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. ‘சார், வண்டி திரும்ப மாட்டேங்குது.’ நான் கோபப்படல. உட்காருங்கம்மான்னு சொன்னேன், உட்காரல, அது அவங்க இஷ்டம். ஒரு பேப்பர எடுத்துக் கணக்குப் போட்டேன். நாலடி அகலம், கைப்பிடியோட ஏழடி நீளம், அஞ்சடிச் சந்து, திருப்பத்துல இடிக்கத்தான் செய்யும். வண்டிய மூணடியாக் குறைச்சு அடிச்சா தாராளமாத் திரும்பும். போட்டே குடுத்தேன். ஆசாரிகிட்ட காட்டுங்க, செஞ்சிருவாருன்னேன். அந்தம்மா பேப்பரப் பார்த்துச்சு. ‘அடுப்பு, பானை, டம்ளர் வாளியெல்லாம் எங்க சார் வைக்க?’ன்னு கேட்டுச்சு. கணக்கு வேற, அடுப்பு வேற.

அதுல இருந்து வண்டி மெயின் ரோட்டுல மெடிக்கல் ஷாப் ஓரமா நிக்கிது. அம்மாவும் மகளும் கொதிக்கிற பானைய ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு சந்து வழியாத் தூக்கிட்டுப் போவாங்க. நான் மாடியில நின்னு பார்த்திருக்கேன். பாவமாத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. விளையாட்டு. நாகஜோதி அணி கணக்கு வாசிக்கணும். எந்திரிச்சுச்சு. புத்தகத்துல இருக்கிற மாதிரியே ஒரு நடை, ‘ஒரு சந்து ஐந்து அடி அகலம். அது ஒரு வீட்டின் மூலையில் செங்கோணமாகத் திரும்புகிறது.’ பெல்லுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்குன்னு பார்த்தேன். ‘மூலை வெட்டியிருந்தபோது ஒரு தள்ளுவண்டி திரும்பியது. ஆறு அடிக்கு எட்டு அடியாக வெட்டியிருந்த அந்த மூலையை அடைத்த பிறகு திரும்பவில்லை. அடைத்த இடத்தின் பரப்பளவு என்ன?’

எதிர் அணிப் பிள்ளைக ஓடிப்போய் மூணு பேரு நின்னு கயிற இழுத்துப் பிடிச்சுட்டுதுக. இருபத்தி நாலு சதுர அடின்னு கத்துதுக. என்ன வேகம்ங்கிறீங்க. வேற நாளா இருந்தா கைதட்டியிருப்பேன்.

நான் தப்புன்னு சொன்னேன்.

எது சார் தப்புன்னு கேட்டுதுக. கணக்கே தப்பு, வெட்டுன மூலைன்னு ஒண்ணு அங்க கிடையாதுன்னேன். எல்லாப் பிள்ளையும் நாகஜோதியப் பார்க்குது. அது என்னையப் பார்க்குது.

“அளந்தேன் சார்.”

“கயிறத் தொய்வாப் பிடிச்சிருப்ப.”

“அப்ப வாங்க சார், திரும்ப அளப்போம்.”

மரியாதையாத்தான் சொல்லுச்சு, அத ஒண்ணும் சொல்லல. ஆனா எட்டாங்கிளாஸ் பிள்ளை ஒரு வாத்தியாரப் பார்த்து வாங்க அளப்போம்னா, என்ன அர்த்தம்? நான் பெல் அடிக்கிற நேரமாச்சுன்னுட்டேன். பெல் அடிக்கல, ஆனா அடிக்கத்தானே போகுது. போர்டுல விடைய நானே எழுதுனேன். அடைச்ச எடம்னு ஒண்ணு இல்லாதப்ப அதோட பரப்பளவு என்ன? பூஜ்யம். எழுதிக்கோங்கன்னேன். எல்லாம் எழுதிக்கிட்டுதுக. கணக்குப்படி சரிதானே அது? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.

அதுக்கப்புறம் கிளாஸே மாறிப்போச்சு தம்பி. நல்ல விதமாத்தான் சொல்றேன். முன்னாடி சத்தமா இருக்கும், சண்டை போடும். இப்ப விடை சொல்றதுக்கு முன்னாடி என் முகத்தப் பார்க்குதுக. நான் லேசாப் புருவத்தத் தூக்குனா விடைய மாத்திக்கிதுக. என்ன ஒரு மரியாதைங்கிறீங்க. வீட்டுல இருந்து அளந்து கொண்டார்றதுதான் கொறஞ்சுபோச்சு. கேட்டா, சார் நீங்களே புத்தகத்துல இருந்து ஒண்ணு குடுங்கங்குது. சரின்னு குடுத்தேன்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, என் சுவர் முக்குல திரும்பும்போது பானை சரிஞ்சிருச்சு. எதிர்ல ஒரு சைக்கிள் வந்திருக்கு, ஒதுங்க எடமில்லாம அம்மாவும் மகளும் தடுமாறியிருக்காங்க. அந்தப் பிள்ளை கால்ல கொட்டிருச்சு. முழங்காலுக்குக் கீழ பூரா. நான் வீட்டுலதான் இருந்தேன், அந்தச் சத்தம் கேட்டுச்சு, ஓடிப்போய் வாளித் தண்ணிய ஊத்துனதே நான்தான். அத யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஆட்டோ உள்ள வரலன்னு மட்டும் சொல்றாங்க. சுவத்துல வேற முழங்கால் உயரத்துக்குக் கறை. இப்பத்தான் வெள்ளையடிச்சது. கருப்பட்டி போட்ட பால் இல்லையா, தேய்ச்சாலும் போகல, எறும்பு வரிசை கட்டி ஏறுது. தினமும் காலையில எந்திரிச்சதும் அத ஒரு தடவை பார்க்காம இருக்க முடியல. நடுவுல வேற எதுக்கோ வெளிய வந்தாலும் கண்ணு அங்கதான் போகுது.

பிடிச்சிருக்கீங்கள்ல? கை வலிச்சா சொல்லுங்க.

பி.இ.ஓ. மேடம் வந்த அன்னைக்கு நாகஜோதி கட்டுப் போட்ட காலோட வந்துச்சு. லீவு போட்டிருக்கலாம், போடல. தலைவி இல்லையா. நிக்க முடியாதுன்னு நானே ஒரு நாற்காலி கொண்டாந்து போட்டு உட்கார வச்சேன், நீ கயிற மட்டும் பிடிம்மான்னு. அது நிக்க வேண்டிய மூலையில நான் நின்னேன். எந்த வாத்தியார் தம்பி ஒரு பிள்ளைக்காக வெயில்ல போய் மூலையா நிப்பான்?

மேடம் எட்டாங்கிளாஸ் புத்தகத்தப் பிரிச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லிவைக்கல, அவங்களாப் பிரிச்ச பக்கம். கூட்டு உருவங்கள். ஒரு செவ்வக மனை, ஒரு மூலை மட்டும் பாதைக்காக முக்கோணமா வெட்டி விட்டிருக்கு, சுத்தி வேலி போடக் கம்பி எவ்வளவு வேணும். நான் அசையாம நிக்கிறேன். சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு, அன்னைக்கு வெயில் அப்படி.

பிள்ளைக நகரல. எல்லாம் நாகஜோதியப் பார்க்குது. அது நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டே கேட்டுச்சு.

“சார், மூலைய வெட்டுனதா வச்சுக்கணுமா, அடைச்சதா வச்சுக்கணுமா?”

மேடத்துக்கு ஒண்ணும் புரியல. கணக்குல வெட்டியிருக்குன்னுதானேம்மா இருக்குன்னாங்க. ‘அது கணக்குல மேடம். சார் எப்படிச் சொல்றாரோ அப்படி நிப்போம்’னுச்சு. பாருங்க, எவ்வளவு அடக்கமான பதில். அதுல கிண்டல் இருந்துச்சான்னு அந்த முகத்த நான் எத்தனையோ தடவை நெனச்சுப் பார்த்துட்டேன். இல்ல. சத்தியமா இல்ல. இருந்திருந்தாத் தேவலை.

எல்லாரும் என்னையப் பார்க்கிறாங்க. எச்.எம்., மேடம், மேடத்தோட வந்த கிளார்க்கு, அத்தனை பிள்ளைகளும். நான் மட்டமாவே வச்சுக்கோங்கன்னுட்டேன். வாய் தவறி வந்துருச்சு. பிள்ளைக டக்குன்னு கயிற இழுத்து அருமையா ஒரு செவ்வகம் கட்டிருச்சுக. மட்டம்னா அப்படி ஒரு மட்டம். நாலாவது மூலை நான்.

மேடம் புத்தகத்தப் பார்க்கிறாங்க, கயிறப் பார்க்கிறாங்க. அப்புறம் என்கிட்ட வந்து, ரொம்பத் தன்மையா, “சார், நீங்கதான் தப்பா நிக்கிறீங்க. நீங்க நிக்கிற எடம் பாதை. கொஞ்சம் உள்ள வாங்க”ன்னாங்க.

அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. என் வீட்டப் பார்த்ததுகூட இல்ல. கணக்கத்தான் சொன்னாங்க. ஒரு எட்டு உள்ள வச்சா முடிஞ்சது. கால் நகரல. பிரஷரா இருக்கும், அன்னைக்கு மாத்திரை போடல. நின்ன எடத்துலயே நிக்கிறேன்.

வடிவம் தப்புன்னா கயிற விடணும்ல? நாகஜோதிதான் மொதல்ல விட்டுச்சு. மெதுவா மடியில இருந்து எடுத்துக் கீழ வச்சுச்சு. பக்கத்துல இருந்த பையன் விட்டான். அடுத்தது விட்டுச்சு. கயிறு அப்படியே தரையில தொளதொளன்னு விழுது. கடைசியில என் கையில மட்டும் ஒரு முனை. ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா நான் நாலு போட்டிருப்பேன், மனசாறியிருக்கும்.

விதிப்படி பார்த்தா ஜெயிச்சது யாரு? கடைசி வரைக்கும் கயிறு யார் கையில இருந்துச்சு? இத நான் எச்.எம். கிட்டயும் சொன்னேன், அவங்க டீயக் குடிச்சிட்டு ரிஜிஸ்டர எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. விருதும் போச்சு. வேற யாருக்கோ குடுத்துட்டாங்க, ஏதோ பாட்டுப் பாடி வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கிற ஆளாம்.

இப்ப எங்க போறேன்னு கேக்கலையே நீங்க. வாஸ்துக்காரரப் பார்க்கத்தான். மூலைய அடைச்சா நிம்மதி வரும்னாரு, நானும் அடைச்சேன், அன்னையில இருந்து தூக்கமில்ல. அப்ப வேற ஏதோ ஒரு மூலை குறையுது. அக்கினி மூலையா வாயு மூலையா, எதுன்னு தெரியணும். அத மட்டும் சரி பண்ணிட்டாப் போதும்.

இருங்க, போன் அடிக்கிது. அவருதான்.

வணக்கம்யா. வந்துக்கிட்டே இருக்கேன், பாதி தூரம் வந்தாச்சு. ஆமா, அளந்தேன், நானே கயிறு போட்டு விடியக்காலையில அளந்தேன். என்னது? ... ரெண்டும்தான் இருக்கு. பத்திரத்துல வெட்டியிருக்கும், அங்க வந்து பார்த்தா மட்டமா இருக்கும். ... எதையா? எதை வச்சுப் பார்க்கன்னு என்கிட்ட கேட்டா? ... இல்ல, நீங்க ஒண்ண வச்சுக்கங்க. ... சரி. சரி, வந்து சொல்றேன். வைக்கிறேன்.

பார்த்தீங்களா தம்பி. வெட்டுனதா வச்சுக்கணுமா, அடைச்சதா வச்சுக்கணுமாங்கிறாரு. அதே வார்த்தை. இந்த ஆளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு அளவத்தான் வச்சுப் பார்க்க முடியுமாம், ரெண்டையும் வச்சுப் பார்க்க முடியாதாம். நீங்க வெளியாளு, உங்களுக்கு என் மேலயும் கோபம் இல்ல, அந்தப் பிள்ளை மேலயும் பாசம் இல்ல. நீங்க சொல்லுங்க. எந்த அளவச் சொல்ல? சும்மா சொல்லுங்க தம்பி, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

என்ன எந்திரிக்கிறீங்க? இது திருமங்கலந்தான். மதுரைன்னுதானே சொன்னீங்க? பின்னாடி சீட் காலியா இருக்கா? சரி சரி, காத்து வரும், போங்க. மடியில இருக்கிற பைய மட்டும் இடிக்காமப் போங்க.

தம்பி, ஒரு நிமிசம். கயிற ஏன் கீழ விட்டீங்க?